திங்கட்கிழமை வரைக்கும் ஒரு சங்கிலி

நகைப் பொட்டலம் ஜோதியின் கைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பேங்கில் சர்வர் படுத்துக்கொண்டது. கவுண்டரில் இருந்தவர் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார், திரும்பி வந்தார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் "சர்வர் டவுன்" என்று பொதுவாக அறிவித்தார். திருவானைக்காவலில் அந்தக் கிளைக்கு இது புதிதில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது படுக்கும், போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்துவிடும். அதனால் ஜோதிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெஜிஸ் முதலில் பதறவில்லை. மணி நான்கை நெருங்கியும் அது எழுந்திருக்காதபோதுதான் கவுண்டர் ஓரமாகப் போய் நின்றார். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. அதற்கு அடுத்த நாளும் பேங்க் கிடையாது.

ரெஜிஸ் செய்யும் தொழிலுக்கு ஒழுங்கான பெயர் இல்லை. பேங்கில் நகையை அடகு வைத்தவர்கள் முன்பெல்லாம் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே கடனைப் புதுப்பித்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் கிளையில் அது செல்லாது. அசலும் வட்டியுமாக முழுசாகக் கட்டி நகையை மீட்க வேண்டும், பிறகு அதே நகையை அதே கவுண்டரில் மறுபடி வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம். முழுசாகக் கட்டப் பணம் வைத்திருப்பவன் எதற்கு அடகு வைக்கப் போகிறான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் ரெஜிஸ் பிழைப்பு நடத்தினார். பணத்தை இவர் கொடுப்பார், நகை வெளியே வரும், மறுபடி உள்ளே போகும், புதுக் கடன் பணத்தில் இவருடையது இவர் கைக்குத் திரும்பிவிடும். லட்சத்துக்கு ஐந்நூறு ரூபாய் கூலி. பணம் திரும்பும்வரைக்கும் ஆளைவிட்டு அகல மாட்டார். கடன் வாங்கியவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் இவருக்கும் தாகம் எடுக்கும்.

பணம் அவருடையதும் அல்ல. மனைவி பேட்ரிசியா மேலப்புதூரில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பங்கு அது. நடத்திவந்த அச்சகத்தை மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்த மனிதர் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டீச்சர் அதைத் தந்தார். ஒரே நிபந்தனை. காலையில் வெளியே போகும் பணம் சாயங்கால ஜெபமாலைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இரண்டு வருடமாக அது ஒருநாளும் தவறியதில்லை. இன்று அதில் சரிபாதி ஜோதியின் கடனைக் கட்டப் போய்விட்டது, திரும்பி வர வழியில்லாமல் சர்வருக்குள் மாட்டிக்கொண்டது.

"திங்கட்கிழமை வாங்க," என்று கவுண்டர்காரர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் ரெஜிஸ் கையை நீட்டினார். இந்த மாதிரி சமயத்தில் நகை பணம் போட்டவரிடம்தான் இருக்க வேண்டும், அதை ஜோதியும் அறிவாள். ஆனாலும் பொட்டலத்தைக் கொடுக்காமல் முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாமண்டபம் சாலைக்குப் போகும் வழியில் கணவன் அன்புச்செல்வனோடு டிபன் கடை நடத்துகிறவள். கடை அட்வான்சுக்காக ஆறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சங்கிலியை வைத்தாள். கடைக்கென்று கடன் கேட்டுப் போன இடத்தில் இரண்டு வருடக் கணக்குவழக்கைக் கேட்டார்கள், இட்லி விற்றதற்கு அவளிடம் என்ன கணக்கு இருக்கும், சங்கிலிதான் இருந்தது. அப்புறம் ஊரடங்கு வந்தது, கடை வாடகை ஏறியது, சங்கிலி பேங்கிலேயே தங்கிவிட்டது.

"சார், ஞாயித்துக்கிழமை லால்குடியில எங்க நாத்தனா மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் வீட்டுக்காரி நான்தான் முதல்ல வளையல் போடணும். அன்னைக்கு ஒருநாள் கழுத்துல போட்டுக்கிட்டுத் தந்துடறேனே."

"அது எப்படிம்மா முடியும்? என் பணம் இல்ல அது."

அவள் மேற்கொண்டு கெஞ்சவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முறுக்குச் சங்கிலியை ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்து அவர் கையில் வைத்தாள். கெஞ்சியிருந்தால் ரெஜிஸுக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் டீச்சர் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். பணம் எங்கே என்று கேட்டபோது ரெஜிஸ் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "பணம் இன்னைக்கு கழுத்துல போடுற மாதிரி வந்திருக்கு டீச்சர்," என்று சிரிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். வளைகாப்பு விஷயத்தையும் ரெஜிஸ் மறைக்கவில்லை, தான் உறுதியாக முடியாது என்று சொன்னதற்குப் பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்.

டீச்சர் ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "நாலு வருஷம் கவரிங் வளையல் போட்டுக்கிட்டுப் பாடம் எடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அச்சகத்துக்கு மெஷின் வாங்க டீச்சரின் தங்க வளையல்களை அடகு வைத்தவரே ரெஜிஸ்தான்.

"நாமளே லால்குடி போவோம். சங்கிலி என் கைப்பையில வரட்டும். அங்க போட்டுக்கட்டும், விசேஷம் முடிஞ்சதும் கழட்டிக் குடுக்கட்டும். கூடவே இருந்தா என்ன பயம்?"

இப்படியாக, அழைப்பே இல்லாத ஒரு வளைகாப்புக்கு ரெஜிஸ் தம்பதி ஞாயிறு பூசை முடிந்த கையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏறினார்கள். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வாங்கியிருந்தார், வெறும் கையோடு விசேஷத்துக்குப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சின்ன மண்டபம்தான். ரெஜிஸ் போனில் சொல்லியிருந்ததால் வாசலிலேயே காத்திருந்த ஜோதி, டீச்சரை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது சங்கிலி அவள் கழுத்தில் இருந்தது. கேட்டவர்களிடம் "நம்ம கடைக்கு வழக்கமா வர்ற டீச்சர்" என்று சொல்லிவைத்தாள். ரெஜிஸ் மேடை நன்றாகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பேங்க் பெஞ்சில் உட்காருகிற அதே தோரணைதான், விசிறிக்கு நேராக இருந்தது மட்டும் வித்தியாசம்.

பெண்ணின் பெயர் கனிஷ்கா. கன்னம் இரண்டிலும் சந்தனத்தோடு வெட்கமும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தாள். ஜோதி முதல் ஆளாகப் போய் வளையல் போட்டாள். குனிந்தபோது சங்கிலி முன்னால் வந்து ஆடியது. சுற்றி நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். ரெஜிஸுக்கு ஏனோ பெருமையாக இருந்தது, தானே செய்து போட்ட மாதிரி.

பெண்ணின் அம்மா ரஞ்சனி, ஜோதியின் நாத்தனார், சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தாள். "அண்ணி, இந்தக் கவரிங் நல்லாருக்கே! எங்க வாங்குனீங்க, மலைக்கோட்டை கிட்டயா?"

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையாகவே தனக்கும் ஒன்று வாங்க நினைத்துத்தான் கேட்டாள். ஆறு வருடமாக ஜோதி எல்லா விசேஷத்துக்கும் கவரிங்கில்தான் வந்துகொண்டிருந்தாள், அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், நாகரிகம் கருதி யாரும் அதைப் பேசுவதில்லை. இந்த முறை பொருள் அழகாக இருந்ததால் பேசிவிட்டார்கள்.

"இப்பல்லாம் எது அசல் எது கவரிங்னே தெரிய மாட்டேங்குது," என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா. "கறுக்காதுல்ல?"

"கறுக்காதுங்க," என்றாள் ஜோதி.

டீச்சரின் வாய் திறந்தது. தவறான விடையைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுத்தே பழகிய கை, மடியில் இருந்த பையின் வாரை முறுக்கியது. ஜோதி கூட்டத்துக்கு மேலாக அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. டீச்சர் வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்துபோய்விட்டது. அன்புச்செல்வன் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டதால், இத்தனை பேர் நிறைந்த மண்டபத்தில் அது தங்கம் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேருமே பேச முடியாத நிலையில் இருந்தார்கள்.

பந்தியில்தான் ரெஜிஸ் அவளைத் தவறவிட்டார். புளிசாதத்துக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது ஜோதியைக் காணவில்லை. மேடையில் இல்லை, உள்ளறையில் இல்லை. இலையை மூடாமலேயே எழுந்து வாசலுக்கு ஓடினார். திருச்சி பஸ் ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போயிற்று. கடை எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் அது வாடகைக் கடை, ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனால் முடிந்தது. சங்கிலியோ இன்றைய விலைக்கு அவர் கொடுத்த பணத்தைப்போல மூன்று மடங்கு பெறும். டீச்சரின் முப்பது வருடம், அந்தக் கரும்பலகைத் தூசி, தொண்டை வலி எல்லாம் ஒரு பந்தி நேரத்தில் போய்விட்டதா என்று நினைத்துக்கொண்டே சுவரோரமாகச் சுற்றி ஓடினார்.

மண்டபத்தின் பின்பக்கம் குழாயடியில் ஜோதி இருந்தாள். சமையல்காரர்களோடு சேர்ந்து சாம்பார் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"எங்கம்மா சங்கிலி?" அவர் குரல் கீச்சென்று வந்தது.

ஜோதி கையை உதறிவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "உள்ள விட்டுக்கிட்டேன் சார். கறுக்காது கறுக்காதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"தங்கம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, இத்தனை நாள் எங்க இருந்துச்சும்பாங்க. நாளைக்கு மறுபடி போகப்போற சாமானுக்கு இன்னைக்கு எதுக்கு சார் அவ்வளவு பேச்சு?" சங்கிலியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "கனம் எனக்குத் தெரியுதுல்ல. அது போதும். இருங்க, கழட்டிக் குடுத்துடறேன்."

ஈரக்கையில் கொக்கி பிடிபடவில்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். ரெஜிஸ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. நாளைக்கு பேங்க்ல வச்சே கழட்டிக்கலாம்."

சொன்ன மாத்திரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் திரும்பக் கேட்க மனசு வரவில்லை. ஜோதி சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டு மறுபடி வாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகே, சங்கிலியை ஜோதியிடம் விட்டுவந்ததை ரெஜிஸ் டீச்சரிடம் சொன்னார். இன்றோடு இந்தத் தொழிலுக்கு மங்களம் பாடிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தார். டீச்சர் காலியாக இருந்த கைப்பையில் ஜெபமாலையைப் போட்டு மூடினார். பிறகு, "அவங்க கவரிங்னு சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு நான் பட்ட பாடு இருக்கே," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை டீச்சரும் பேங்குக்கு வந்தார். பணம் என்னுடையது, நானும் வருவேன் என்றார். பத்து மணிக்கு ஷட்டர் தூக்கியபோது ஜோதி வரவில்லை. டோக்கன்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரெஜிஸ் போன் செய்தார், மணி அடித்து நின்றது. மறுபடி செய்தார், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் பணிவாகத் தெரிவித்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார், வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"உட்காருங்க. வருவா," என்றார் டீச்சர். ஆனால் அவர் கை கைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது ரெஜிஸுக்குத் தெரிந்தது.

பதினொன்றரைக்கு ஜோதி வந்தாள். வேர்த்துக் கொட்டியது, சேலையில் சாம்பார் வாசம். "சோமவாரப் பிரதோஷம் சார் இன்னைக்கு, காலையிலேருந்தே கோயில் கூட்டம். அவரு ஒத்தை ஆளா சமாளிக்க முடியல. போன்ல சார்ஜ் இல்ல," என்று மூச்சு வாங்கினாள். சங்கிலி சேலைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற மாதிரி தொங்கியது. ரெஜிஸுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்ததால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

இந்த முறை கொக்கியை டீச்சர்தான் கழற்றிவிட்டார். நகை மதிப்பீட்டாளர் வயதானவர், தினமும் இதே வேலையைப் பார்த்துச் சலித்தவர். சங்கிலியைத் தராசில் போட்டார், எடுத்தார், ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். "ம், தங்கந்தான்," என்று தனக்குள் முனகியபடி பேனாவைத் தேடினார்.

"சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"என்னம்மா?"

"இது என்னன்னு சொன்னீங்களே, அதை. கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

மதிப்பீட்டாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஜோதியைப் பார்த்தார். புரிந்துதான் சொன்னாரோ, டீச்சர் குரலுக்குப் பயந்து சொன்னாரோ தெரியாது. "தங்கம்தாம்மா! நல்ல தங்கம்! அஞ்சு பவுன், இருபத்திரண்டு கேரட்!"

பேங்க் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் அறைக் கதவுகூடத் திறந்து மூடியது. கவுண்டரில் இருந்தவர் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "சர்வர் மெதுவாத்தான் வருது, உட்காருங்க," என்றார்.

மூன்று பேரும் உட்காரவில்லை. மதிப்பீட்டாளர் சங்கிலியை ஒரு சின்னத் துணிப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கல்லின்மேல் அது இழுத்த மஞ்சள் கோடு இன்னும் துடைக்கப்படாமல் இருந்தது. ஜோதி வெறும் கழுத்தில் கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.