பாலத்தில் தோன்றிய எண்கள்

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் யோகநாதன் இதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியின் கீழே கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து பல மாலைகளில் துண்டு துண்டாகச் சொன்னார். அந்தத் துண்டுகளை நான்தான் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பேச்சு முன்னால், எது பின்னால் என்பது மாறியிருக்கலாம். அவர் செய்ததும் செய்யாமல் விட்டதும் மாறவில்லை.

கொரோனா காலம் அது. எல்லைகள் மூடிக் கிடந்தன. யோகநாதன் ஓர் அரசாங்கச் சுகாதாரப் பிரிவில் புள்ளிவிவர அதிகாரி; ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. தெற்கே ஜொகூர் பாலத்தைத் தாண்டி எத்தனை பேர் சிங்கப்பூரிலிருந்து உள்ளே வருகிறார்கள், வந்தவர்கள் எந்தப் பகுதியில் போய்த் தங்குகிறார்கள், அங்கே நோய் கூடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. கைப்பேசி நிறுவனங்கள் எண்களை மறைத்து, நாளுக்கு நாள் புதிய குறி போட்டு அனுப்பும். ஒரு நாளில் பாலத்தருகே முதல்முதலாகத் தோன்றும் குறி வெளியிலிருந்து வந்த ஓர் ஆள். அப்படித்தான் பிரிவில் எல்லோரும் எண்ணினார்கள். அந்த விதியை எழுதியவரே யோகநாதன்தான்.

ஒவ்வொரு திங்களும் அவர் ஓர் ஆலோசனை எழுதி மேலே அனுப்புவார். சாகக் கிடக்கும் உறவினரைப் பார்ப்பதற்காக அந்த வாரம் எத்தனை பேரைப் பாலம் தாண்ட விடலாம் என்பது அதில் இருக்கும். மேலே இருந்தவர்கள் அந்த எண்ணை அநேகமாக மாற்றுவதில்லை.

அவருடைய மகள் பிரேமினி சிங்கப்பூரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மனைவி குணபூசணி கிள்ளானில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் போயிருந்தது. கிள்ளானில் அக்கா வீடு பக்கம் என்று அவரே கேட்டுப் போன இடம் அது. போன பிறகு ஊரடங்கு வந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பார்வையாளர், அதுவும் கொஞ்ச நேரம்தான். பிரேமினி அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு வரிசையில் காத்திருந்தாள்.

இதில் எதையும் யோகநாதன் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் அது கேட்பதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தார்.

கிள்ளானுக்குப் போகும் நாட்களில் அந்தப் பெரிய நெடுஞ்சாலையில் அவருடைய காரும் சில லோரிகளும் மட்டும்தான் ஓடும். போலீஸ் தடுப்பில் அலுவலகக் கடிதத்தைக் காட்டுவார். இல்லத்தில் மலர்விழி என்ற தாதி அவருக்கு நீல அங்கியை மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவார். முகக்கவசத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் திரை. அதற்குப் பின்னாலிருந்து பார்த்தால் குணபூசணி தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிவார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு இன்னும் கிடைக்கேல்லையோ?"

"வரிசையில இருக்கிறாள்."

"உங்கட ஒபிசுக்கு ஒரு போன் அடிச்சா என்ன? இவ்வளவு காலம் உழைச்சதுக்கு ஒரு பெட்டையை உள்ள விடமாட்டினமோ?"

"அப்பிடிக் கேக்க ஏலாது, பூசணி."

"தெரியும். நீங்க முழிக்கிறதைப் பாக்கத்தான் கேட்டனான்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. மலர்விழி வந்து தலையணையை உயர்த்திவிட்டு, "அங்கிள், டைம் ஆச்சு" என்றார்.

அந்த வாரக் கணக்கு மோசமாக இருந்தது. பாலத்தில் புதிதாகத் தோன்றியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அவர்கள் போய்த் தங்கிய இடங்கள் செலாயாங்கும் கிள்ளான் துறைமுகமும். அந்த இரண்டு இடங்களிலும் நோயும் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்துதான் வருகிறது என்பதைத் தவிர வேறு எப்படிப் படிப்பது? அனுமதியைக் கூட்டக்கூடாது, முடிந்தால் குறைக்க வேண்டும் என்று யோகநாதன் எழுதினார். எழுதி முடித்தபோது, தன் மகள் வரிசையில் இருந்தும் கணக்கை வளைக்காமல் எழுதினோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்ததாம். 

சில நாள் கழித்துப் பிரேமினி அழைத்தாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"பொய். சரி, எனக்கு ஒரு ஹெல்ப். என்ட மலேசியா நம்பருக்கு டாப்-அப் போட்டு வையுங்கோ. ரொம்ப நாளாப் போடேல்ல, கட் பண்ணிடுவான். சடார்னு பாஸ் கிடைச்சா பாலத்தில ஏறினதும் உங்களைக் கூப்பிடணும் லா."

"இப்பவே போறன்."

"மாஸ்க் போட்டுட்டுப் போங்கோ. மூக்கை மூடி!"

தெருமுனையில் மாதவியின் மளிகைக் கடை திறந்திருந்தது. வாசலில் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தித்தான் வியாபாரம். யோகநாதன் எண்ணைச் சொன்னார். மாதவி இயந்திரத்தில் அடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்ல செத்துப்போயிருக்கும் அங்கிள் இந்த நம்பர். நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோனோரயில் தூண் ஒன்றின் கீழே அவர் நின்றுவிட்டார்.

முன்பெல்லாம் அவரும் குணபூசணியும் சிங்கப்பூர் போய் மகளை விடுமுறைக்குக் காரில் கூட்டி வருவார்கள். பாலத்தில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பிரேமினி காதுத் தோட்டைக் கழற்றி, அதன் கம்பியால் கைப்பேசியைக் குத்தி, சிங்கப்பூர் சிம்மை எடுத்துவிட்டு மலேசியா சிம்மைப் போடுவாள். எடுத்த சிம்மை அவர் உள்ளங்கையில் வைத்து, "தொலைச்சுடாதீங்கோ" என்பாள். எத்தனையோ முறை நடந்தது. அந்த நிமிடம் வரை அது அவருக்கு வேலையோடு சேர்த்து நினைவுக்கு வந்ததேயில்லை.

பிரேமினி நாளை பாலம் ஏறினால் இந்த எண் அங்கே விழித்துக்கொள்ளும். அவருடைய வரைபடத்தில் புதிய ஆள் ஒருவர் தோன்றுவார். பிரேமினியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் லோரி ஓட்டுநர்கள்? எல்லை மூடியும் காய்கறி நிற்கவில்லை, சரக்குப் பெட்டிகள் நிற்கவில்லை. செலாயாங் சந்தையிலிருந்தும் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் தினமும் லோரிகள் சிங்கப்பூர் போய்த் திரும்பின. அந்தப் பக்கம் ஒரு சிம், இந்தப் பக்கம் ஒரு சிம்; மறுநாள் திரும்பி இந்தப் பக்கத்துச் சிம்மைப் போட்டால் அதற்குப் புதிய குறி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதே மனிதர் பாலத்தில் புதிய ஆளாகப் பிறக்கிறார். செலாயாங்கிலும் கிள்ளானிலும் போய்த் தங்கிய அந்நியர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த வீட்டுக்குப் போனவர்கள். நோய் அங்கே வேறு வழியில் பரவிக்கொண்டிருந்தது.

விதி தவறு. ஆலோசனை தவறு. பாலத்தை இன்னும் அகலமாகத் திறந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கணினியின் முன் உட்கார்ந்தார். பிரிவின் தலைவருக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை எழுதப்போகும் ஆளின் மகள் வரிசையில் நிற்கிறாள். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் என்ன சொல்வார்கள்? பெண்டாட்டிக்காகக் கணக்கை வளைத்தான் என்பார்கள். அவருடைய அப்பாவும் அரசாங்க வேலை, பெரியப்பாவும் அரசாங்க வேலை. அந்தக் குடும்பத்தில் சொந்தக்காரர் பெயர் வந்த கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கை வைக்காமல் இருப்பதுதான் மரியாதை.

பிரிவிலும் அதற்கு ஒரு முறை இருந்தது. சந்தேகம் வந்த கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட வேண்டும். என்ன சந்தேகம் என்று அவருக்குச் சொல்லக்கூடாது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தால் மேலே போகும். அவசரமென்றால் அவசரம் என்று சொல்லலாம். அப்போது தலைவர் உட்கார்ந்து அன்றைக்கே முடித்துவிடுவார்.

அவர் சுகுமாறனை அழைத்தார். சுங்கை வேயில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரே கணினியோடும் வீட்டிலிருந்து வேலை செய்யும், பிரிவின் இளைய அதிகாரி. பின்னால் ஒரு குழந்தை மலாய் எழுத்துக்களைக் கத்திப் படித்துக்கொண்டிருந்தது.

"சுகு, பாலத்துக் கணக்கை முதல்ல இருந்து ஒருக்கா போட்டுப் பாருங்கோ."

"என்னா சார் பிரச்சினை?"

"பிரச்சினை இருக்கா எண்டு நீங்கதான் சொல்லணும்."

"ஐயோ, ஒரு க்ளூ குடுங்க சார். எஸ்பிஎம் பரீட்சை மாதிரி பண்றீங்க லா."

"குடுக்கக்கூடாது."

"சரி சரி. அவசரமா சார்?"

யோகநாதன் சன்னலைப் பார்த்தார். எதிர் மாடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அந்தத் துணிகளின் நிறம்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

"வழக்கம்போலதான்" என்றார்.

பிறகு காத்திருப்புதான். சுகுமாறன் பிள்ளைகள் வகுப்பு முடித்து கணினியைக் கொடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். முதலில் கைப்பேசிக் கோபுரத்தில் கோளாறு என்றார். பிறகு, "டவர் இல்ல சார், தேதி மாறிடுச்சுபோல" என்றார். ஒவ்வொரு முறையும் யோகநாதன் "பாருங்கோ" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தார். நாக்கின் நுனியில் இருந்த 'அவசரம்' என்ற அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குள் நடந்தார். ஒரு திங்கள் வந்தது. கணக்கு மறுபார்வையில் இருக்கிறது என்று ஒரு குறிப்பைச் சேர்த்து, பழைய எண்ணையே அனுப்பினார். பொய்யென்று தெரிந்த எண்ணின் கீழே கையெழுத்துப் போட்டதைவிட, உண்மையைச் சொல்வது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

கிள்ளானில் குணபூசணியின் குரல் தணிந்திருந்தது. குனிந்தால்தான் கேட்டது.

"நான் காத்திருப்பன். ஆனா ஆரிட்டயாவது சொல்லி வையுங்கோ, அவசரம் எண்டு."

அவர் கையுறையோடு மனைவியின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் வழியாகச் சூடு தெரியவில்லை. திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி ஃபோனை எடுத்தார். சுகுமாறனின் பெயர் வரை போய், திரும்ப வைத்துவிட்டார்.

கடைசியில் சுகுமாறனே அழைத்தார். மூச்சிரைத்தது.

"சார்! சிம் சார், சிம்! என் மச்சான் கெப்போங்ல லோரி ஓட்டுறான். சும்மா பேசிக்கிட்டு இருந்தேன், பாலத்துல சிம் மாத்துவேன்னு அவன் பாட்டுக்குச் சொல்றான். பாலத்து லோரிப் பதிவோட வெச்சுப் பாத்தா எல்லாம் நம்ம லோரிக்காரனுங்க! ஒரே ஆளை எத்தனை தடவை எண்ணியிருக்கோம்."

"ஓம்" என்றார் யோகநாதன்.

சுகுமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே சார். அந்தப் பக்கம் எவ்வளவு பேரு நிக்கிறாங்க, அம்மா அப்பாவப் பாக்க."

"என்ட மகளும் நிக்கிறாள், சுகு. அதனாலதான் சொல்லேல்ல."



"என்னா மனுஷன் சார் நீங்க" என்றார் சுகுமாறன். திட்டித்தான் சொன்னார். உடனே, "நான் இப்பவே தலைவருக்கு அனுப்புறேன். நீங்க கிள்ளானோ எங்கயோ, கெளம்புங்க" என்றார். கிள்ளான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யோகநாதன் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நான் மறந்திருக்கலாம்.

எண் திருத்தப்பட்டது. வரிசை நகர்ந்தது. பிரேமினிக்கு அனுமதி வந்தது. அவள் பாலம் ஏறியதும் அந்த மலேசிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "வந்துட்டேன் அப்பா" என்று கத்தினாள். ஆனால் வருகிறவர்கள் முதலில் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் அறையில் தனித்திருக்க வேண்டும். அவள் அந்த அறையில் இருக்கும்போதே ஒரு காலையில் குணபூசணி இறந்துபோனார். மலர்விழி கைப்பேசியைப் பிடித்துக் காட்ட, ஈமக்கிரியையைப் பிரேமினி கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் படம் உறைந்துவிட்டது. ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவள் வெளியே வந்தபின் யோகநாதன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். 

"அப்ப நீங்க அவசரம் எண்டு சொல்லியிருந்தா நான் அம்மாவைப் பாத்திருப்பேன்."

"ஓம். பாத்திருப்பாய்."

"எனக்காகச் சொல்ல வேண்டாம் அப்பா. என்னை விடுங்கோ. அந்த வரிசையில எவ்வளவு ஆக்கள் நிண்டவை. என் ஒருத்தி முகத்தைப் பாக்கக்கூடாதெண்டு நீங்க அவை எல்லாரையும் பாக்காம விட்டுட்டீங்க."

 

குணபூசணியின் அஸ்தியைக் கிள்ளானுக்கு அப்பால் கடலில் கரைத்தார்கள். பிரேமினி அதற்கு இருந்தாள். பிறகு சிங்கப்பூர் திரும்பி, அங்கேயே கலியாணம் செய்துகொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை வந்து கிள்ளானில் பெரியம்மா வீட்டில் தங்குகிறாள். அப்பாவுடன் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். மலர்விழி இப்போது பங்சாரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறார். சுகுமாறன் பிரிவின் தலைவராகிவிட்டார். அந்த வாரங்களில் வரிசையில் நின்ற மற்றவர்களில் எத்தனை பேர் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. யோகநாதன் ஓய்வு பெற்றுவிட்டார். அதே வீட்டில் தனியாக இருக்கிறார்.