ஓரத்து வெளிச்சம்

“திரையை இழுத்து விட்டுட்டு வெல்டிங் வைடான்னு எத்தனை தடவைதான் சொல்றது உனக்கு?”

பெயின்ட் கலக்கும் அறைக்குள் இருந்தபடியே அவள் கத்தினாள். வலக்கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு கீற்று வெட்டி மறைந்திருந்தது. கார் பட்டறையில் அப்படி வெட்டுவது வெல்டிங் பொறி ஒன்றுதான்.

வெளியிலிருந்து டிங்கரின் குரல் வந்தது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவன் வேலை. பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதில்லை. “கலரக்கா, வெல்டிங் மிஷின் நேத்தே ரிப்பேருக்குப் போயாச்சு. நான் இங்க உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருக்கேன். நீ கனவுல பாக்குற வெல்டிங்குக்கும் நான்தான் பொறுப்பா?”

நேற்று சாயங்காலமும் இதே கீற்றுக்காக மனதுக்குள் அவனைத் திட்டியிருந்தாள். அதற்கு முந்தைய நாளும். கையிலிருந்த டின் திடீரென்று கனத்தது. கீழே வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள்.

அந்த வலக்கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புரை என்றால் ஏதோ மேலே படர்ந்த தோல் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். உண்மையில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே வயதாகி மஞ்சளித்து மங்கிப்போவது அது. மங்கியதை எடுத்துவிட்டு, தெளிவான ஒன்றைச் சின்னதாக மடித்து உள்ளே வைத்து விரித்துவிடுகிறார்கள். கட்டைப் பிரித்த அன்று அவள் முதலில் பார்த்தது மருத்துவமனைச் சுவரை. வலக்கண்ணில் சுவர் வெள்ளை. இடக்கண்ணில் அதே சுவர், யாரோ டீயை ஊற்றித் துடைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் டீக்கறை வழியாகப் பார்த்தா கார்களுக்குக் கலர் கலந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயமும் வந்தது. பழுதான கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் பக்கத்துக் கதவோடு அது ஒட்டிப்போக வேண்டும். கம்பெனி கொடுக்கும் எண்ணை நம்பிக் கலந்தால் ஒட்டாது. வெயிலில் நின்ற காருக்கு வயதாகிவிட்டிருக்கும். ஒரு துளி கறுப்பு, அரைத் துளி மஞ்சள் என்று அந்த வயதையும் சேர்த்துக் கலப்பவள் அவள். அந்தக் கண்ணுக்குத்தான் பட்டறையில் சம்பளம்.

அறுவைக்குப் பிறகு ஒரு விசித்திரமும் இருந்தது. வலக்கண்ணின் காதுப்பக்க ஓரத்தில், வெட்டிய நகம் போல ஒரு கறுப்பு வளைவு. டாக்டரம்மா அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். புது லென்ஸின் விளிம்புக்கு வெளியே வெளிச்சம் சரியாக விழாத ஒரு கீற்று இடம் அது; நாளாக ஆக மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். “கையைக் காதோரமா மறைச்ச மாதிரி வெச்சுப் பாருங்க, பக்கத்து வெளிச்சம் குறைஞ்சா நிழலும் போயிடும்” என்றார். வைத்துப் பார்த்தாள். போய்விட்டது. அதில் அவளுக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை. காரணம் தெரிந்த கோளாறு பாதி கோளாறு என்பது அவள் கட்சி. “புதுசா வேற எது வந்தாலும் அன்னைக்கே வந்துடுங்க” என்று அவர் முடித்ததை அவள் பாதி காதில்தான் வாங்கினாள்.

இப்போது அவள் தன் கண்ணைத் தானே சோதித்தாள், தனக்குத் தெரிந்த வழியில். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, பெயின்ட் அடித்துக் காயவைத்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். வெள்ளி கலந்த சாம்பலில் ஒரு மயிரிழை பச்சை கூடியிருந்ததுகூடப் பிடிபட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் உட்கார முடியவில்லை. மதியத்துக்கு மேல் கறுப்புப் புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. ஸ்ப்ரே தூசி என்று முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள். புள்ளிகள் தண்ணீருக்குப் போகவில்லை. கண்ணை உருட்டினால் கூடவே உருண்டு, நிறுத்தினால் சற்றுத் தாமதித்து நின்றன. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஜெராக்ஸ் கடையில் இருந்தார்.

“ஏங்க, கண்ணுல தூசி மாதிரி பறக்குது.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாமா? கடையை மூடிட்டு வரேன்.”

“அங்க போனா பட்டறைப் பக்கம் போகாதேன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு வண்டி டெலிவரி. கலரெல்லாம் நல்லாத்தான் தெரியுது.”

“அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ண?”

“சும்மாதான்” என்று வைத்துவிட்டாள்.

நாளைக்குப் போகவேண்டிய வண்டி, கதவுக்குப் பெயின்ட் அடித்து முடித்து வெளியே நின்றது. கதவு ஒட்டிப்போயிருக்கிறதா என்று எட்ட நின்று பார்க்க வேண்டும். அட்டையில் சரியாக இருந்தது முழு வண்டியில் பல்லிளிக்கும். பத்தடி தள்ளி நின்று இடக்கண்ணை மூடினாள். கதவு அருமையாக ஒட்டியிருந்தது. கதவுக்குக் கீழே, இடப்பக்க முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து டிங்கர் பேசினான்.

“என்னக்கா, திருஷ்டி கழிக்கிற மாதிரி நிக்கிற?”

“நீ எங்கடா இருக்க?”

“உன் மூக்குக்கு நேரா குந்தியிருக்கேன். வெளையாடாத.”

அவள் இடக்கண்ணைத் திறந்தாள். சக்கரத்தருகே அவன் குந்தியிருந்தான். மூடினாள். சக்கரமும் இல்லை, அவனும் இல்லை. அழுக்குத் தண்ணீர் தேங்கிய மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ அங்கே கிடந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும். ஒற்றைக் கண்ணால் அட்டையைப் பார்த்தபோதோ, அவள் நடுவை மட்டுமே பார்த்தாள். உள்ளங்கையைக் காதோரம் வைத்தாள். பழைய நிழல் போனது. மூக்கோரத்துச் சாம்பல் அசையவில்லை.

“டேய், வண்டியை எடு” என்றாள்.

“டெலிவரி நாளைக்குத்தான...”

“என்னைக் கொண்டுபோய் விடுடா!”

மருத்துவமனையில் சொட்டு மருந்து ஊற்றிக் கண்பாப்பாவை விரித்து, டாக்டரம்மா நெடுநேரம் உள்ளே பார்த்தார். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை, மேலே காதுப்பக்கமாகக் கிழிந்திருந்தது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் சுருங்கி விலகும்போது திரையைப் பிடித்து இழுத்திருக்கிறது. திரைக்குத் தெரிந்த பாஷை வெளிச்சம் ஒன்றுதான். கிள்ளினாலும் வெளிச்சம் என்றுதான் சொல்லும். அதுதான் அந்தக் கீற்று. புள்ளிகள், கிழிந்தபோது கசிந்த ரத்தம்.

“கிழிசல் வழியா தண்ணி உள்ள இறங்கி, திரையை உரிச்சுக்கிட்டே போகுதும்மா.”

“பெயின்ட் பொத்துன இடத்துல தண்ணி இறங்கி, உப்பிக்கிட்டே போற மாதிரியா?”

“அப்படித்தான். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வருது.”

“நடுவுக்கு வந்துடுச்சா?”

டாக்டரம்மா இன்னொரு தடவை உள்ளே பார்த்தார். “கரையில நிக்குது” என்றார். “நடுவு கழண்டுட்டா, திரும்ப ஒட்டினாலும் நிறமும் நுணுக்கமும் பழையபடி வர்றது கஷ்டம். இப்பவே தியேட்டருக்குப் போலாம். அதுவரைக்கும் வலப்பக்கமா சாஞ்சு படுங்க. எழுந்திருக்கக் கூடாது.”

ஓரிடத்தில் நிற்காதவளை அசையாதே என்றார்கள். கடையைப் பூட்டாமலேயே ஓடி வந்திருந்த வீட்டுக்காரர், படுத்திருந்தவளின் முகத்துக்கு நேராகத் தன் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கழுத்து வலிக்க வலிக்க அப்படியே நின்றார்.

அன்றே செய்த அறுவையில் கிழிசலை ஒட்டவைத்து, திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டிருந்தார்கள். முதல் நாட்களில் அந்தக் கண்ணில் கலங்கிய வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. குமிழி சுருங்கச் சுருங்க, பார்வையின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை தெளிந்தது. அதற்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் மட்டம் போல ஒரு கோடு. மூச்சு விட்டால் ஆடியது. குமிழி உண்மையில் மேலே மிதக்கிறது, கண் தலைகீழாகப் படம் பிடிப்பதால் அது கீழே இருப்பதாகத் தெரிகிறது என்று டாக்டரம்மா விளக்கியதை, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுப்பார்வை எப்படி என்று அவர்கள் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினாள். கோடு இன்னும் நடுவைத் தாண்டி இறங்கவில்லை.

ஒரு காலையில், டாக்டரம்மா சொன்ன கோணத்தில் தலையை நிமிர்த்தி வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து இடக்கண்ணைப் பொத்திக்கொண்டாள். பட்டைக்குள் மொட்டைமாடிக் கொடிக்கயிறு தெரிந்தது, இரண்டு கிளிப்புகளோடு. அவற்றில் மாட்டியிருந்தது கோட்டுக்குக் கீழே கிடந்தது.

“ஏங்க, கொடியில என்ன தொங்குது?”

“என் சட்டைதான். நேத்து எடுக்க மறந்துட்டேன்.”

“எந்தச் சட்டை?”

“அந்த...”

“சொல்லாதீங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே காற்று வீசியது. கயிறு எழும்பித் தாழ்ந்தது. சட்டையின் தோள்பட்டை ஒரு கணம் கோட்டைத் தொட்டு மேலே வந்து, நிறம் சேர்வதற்குள் மறுபடி அமிழ்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு ஆடி ஓய்வதற்காகக் காத்திருந்தாள்.