சாவு வீட்டுச் சிரிப்பு

ரோவெனா ஸ்டாம்பர் எழுதிக்கொண்டுபோன ஆராய்ச்சித் திட்டத்தைப் படித்து முடித்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை ப்ரூயிட் மேடம், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நூறு வருஷத்து அப்பலாச்சிய நாவல் எல்லாத்தையும் ஒரே வருஷத்துல ஆராயப் போறியா? இது திட்டம் இல்லம்மா, மலையக் கயிறு கட்டி இழுக்கற வேலை. ஒரே ஒரு கேள்வியோட வா. திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்கற குழு வெள்ளிக்கிழமை கூடுது."

ரோவெனாவின் முகம் சுண்டவில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியான கிழக்குக் கென்டக்கியில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் மலை எழுத்தை அவளளவுக்குப் படித்த மாணவர்கள் கிடையாது. கேள்வியும் அவளிடம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வெளியார் எழுதிய கதைகளில் மலைச்சனம் சாவு வீட்டில் அழுதபடியே இருக்கும். மலையில் பிறந்த பெண்கள் எழுதியவற்றில் எவளாவது ஒருத்தி சிரித்துவிடுவாள். ஏன்?

அன்று மாலை பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடும்போது வீட்டில் அதைச் சொன்னாள். அண்ணன் ஹார்லனின் கை தட்டிலேயே நின்றது.

"சுத்தி வளைக்காத. நீ அம்மாவத்தான் எழுதப் போற."

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவைப் புதைக்க மழையில் மேட்டுக்குத் தூக்கிப்போனபோது, பெட்டிக்கு முன்னால் நடந்த போதகர் சேற்றில் வழுக்கி, உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினார். ஒப்பல், அதாவது அம்மா, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஊர் அதை இன்னும் மெல்லுகிறது.

"நான் புத்தகத்தப் பத்திதாண்ணே எழுதறேன். நம்ம வீடு அதுல வராது."

"வராம எப்படி இருக்கும்? உனக்கு இந்தக் கேள்வியே அங்கிருந்துதானே வந்துச்சு?"

ஒப்பல் குறுக்கிட்டாள்.

"அவள விடுடா. சிரிச்சவ நான், உனக்கென்ன வலிக்குது?" மகள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு உங்கப்பா மேல எனக்கு அவ்ளோ கோவம்டி. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரேன்னு. சிரிக்கலன்னா அந்தப் பெட்டிய எட்டி ஒதச்சிருப்பேன்."

ஹார்லன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். ரோவெனாவின் கேள்விக்கு இப்போது முனை கிடைத்துவிட்டது: அந்தச் சிரிப்பு சந்தோஷமா, கோபமா?

வெள்ளிக்கிழமை நான்கு சிறுகதைகளோடு குழுவின் முன் நின்றாள். குழுவிலிருந்த மூவரில் ஒருவர் இடைமறித்தார். "நீ இந்த ஊர்ப் பொண்ணு. இல்லாத சிரிப்பு உன் காதுல கேக்குதோ என்னவோ?"

"கேக்கலாம் சார். அதனாலதான் நாலாவது கதையச் சேர்த்தேன். எழுதினவங்க மலையில பொறந்தவங்கதான். ஆனா அதுல ஒருத்தரும் சிரிக்கல. என் எண்ணம் தப்புன்னா அந்தக் கதையே காட்டிக் குடுத்துரும்."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். ப்ரூயிட் மேடம் பேனாவைத் திறந்து திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ நாலாவதுல இருந்தே ஆரம்பி. உன்ன எதிர்க்கறத முதல்ல படி."

"சரி மேடம்" என்றாள் ரோவெனா. வெளியே வந்ததும் நாலாவது கதையோடு நேராக நூலகத்துக்கு நடந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னலோர மேஜை காலியாகத்தான் இருக்கும்.