மூடியின் மேல் தண்ணீர்

ஜூன் மாதத்தின் முதல் நல்ல வெயிலில், டுவைட் அந்த நீல உறையைப் புல்வெளியில் விரித்துப் போட்டு, சமையலறைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்ட ஆரம்பித்தார். கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி வருமே, குமிழ் குமிழாக, அதே மாதிரியான உறைதான். நீச்சல் குளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் ஒரே துண்டு. ராத்திரி குளத்தின் மேல் மிதக்கவிட்டால் பகலில் ஏறிய சூடு இறங்காது. ஆனால் அதைப் போட ஒரு கரையில் ஒருவர், எதிர்க்கரையில் ஒருவர் வேண்டும். தனியாக இழுத்தால் ஒரு பக்கம் மடங்கித் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டி முடித்தபோது இரண்டு துண்டும் ஒருவர் கைக்கு அடங்கின. சௌகரியமாகத்தான் இருந்தது. அந்தச் சௌகரியம்தான் அவரை அன்று மத்தியானம் சாப்பிடவிடாமல் செய்தது.

மனைவி மார்லா மே மாதம் போயிருந்தாள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அரிசோனாவில் தங்கையோடு இருக்கப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று காலைக் காப்பியின்போது சொன்னாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். அவள் ஜன்னல் வழியே பின்கட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"இந்தக் குளத்தைத் தொறக்கறதும் மூடறதுமா நம்ம வருஷமெல்லாம் போயிருச்சு டுவைட். யாரும் குளிக்கவே இல்லையே."

அது நிஜம். பிள்ளைகள் இருவரும் வெளியூரோடு போன பிறகு, அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள் குறைவு. என்றாலும் ஒஹையோவில் குளம் வைத்திருப்பவன் அதைச் சும்மா விட முடியாது. விட்டால் பாசி பிடித்துப் பச்சைக் கஷாயமாகிவிடும். அதற்காகத்தான் இத்தனையும் என்று அவர் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். வாதாடாமல் கேட்டுக்கொண்டதிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில், வசந்தம்வரை குளத்தை மூடிவைக்கும் குளிர்கால மூடியைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தார். கனத்த பச்சைத் துணி. சுற்றிலும் பட்டைகள், பட்டை நுனியில் ஸ்பிரிங்குகள். சிமெண்டுத் தரையில் புதைத்த பித்தளை முளைகளில் அவற்றை மாட்ட வேண்டும். முன்பெல்லாம் எதிரெதிரே நின்று இருவரும் ஒரே சமயத்தில் இழுப்பார்கள். மார்லாதான் "ம்" என்று சைகை கொடுப்பாள். இப்போது ஒரு பக்கம் தளர்வாக மாட்டிவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் இழுத்து, மறுபடி சுற்றி வந்து இறுக்கினார். காலையில் தொடங்கியது இருட்டும் நேரத்தில் முடிந்தது. துணி கொஞ்சம் கோணலாக நின்றது. நடுவில் ஒருமுறை, வேலிக்கு அப்பால் குடியிருந்த டெனீஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டே ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது பாதிகூட முடியவில்லை.

இலையுதிர்காலம் முழுக்க மூடியின் மேல் விழும் மேப்பிள் இலைகளைத் தினமும் வாரினார். மழைத் தண்ணீர் நடுவில் தேங்கும். துணி தாங்காமல் தொய்ந்துவிடுமென்று சின்னப் பம்பு ஒன்றை அதன்மேல் வைத்து இறைத்துவிட வேண்டும். செய்ய ஏதோ ஒன்று இருந்தது. அது இருந்தவரை சாயங்காலங்களைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பனி உருகி மறுபடி உறைந்தது. பம்பு பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க மூடியின் மேலேயே நடந்து போனார். ஆள் நடந்தாலும் தாங்கும் துணிதான். பம்பைப் பெயர்த்துக் கரையில் போட்டுவிட்டு ஏறும்போது, பட்டைக்கும் சிமெண்டு விளிம்புக்கும் நடுவில் கால் சிக்கித் திரும்பியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. மல்லாந்து விழுந்தார். துணி அவரைத் தாங்கிக்கொண்டது. முதுகுக்குக் கீழே, துணிக்கு அடியில், தண்ணீர் மெல்ல அசைந்து கொடுத்தது. படுக்கையில் பக்கத்தில் இருப்பவர் புரண்டு படுத்தால் அசையுமே, அதுபோல.

சட்டைப் பையில் போன் இருந்தது. அவசர உதவியைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். விறைத்துப்போன விரல் தானாகப் போய்த் தொட்டது மார்லாவின் பெயரை.

"எங்க இருக்க? என்ன காத்துச் சத்தம்?"

"மூடி மேல. கால் போயிருச்சுன்னு நெனக்கறேன்."

"குளத்து மூடி மேலயா? தனியாவா போன?"

"வேற எப்படிப் போறது?"

போனை வைக்காதே என்றாள் அவள். பிறகு தங்கையின் போனில் அவள் டெனீஸோடு பேசுவது காதில் விழுந்தது. டெனீஸின் எண் அவளிடம் இருந்தது. இருவரும் அவ்வப்போது பேசிக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. டெனீஸ் போர்வையோடு ஓடிவந்து சேரும்வரை மார்லா பேச்சு கொடுத்துக்கொண்டே இருந்தாள். வானம் எப்படி இருக்கிறது, பக்கத்தில் பறவை ஏதும் இருக்கிறதா என்றெல்லாம். அவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வலியோடு வலியாக, இவர்கள் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாமே என்றும் அவருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கூப்பிட்டாள். கால் எப்படி இருக்கிறது, வீக்கம் வடிந்ததா என்று கேட்பாள். அவர் சற்று விரிவாகவே பதில் சொல்வார். மாவுக்கட்டு ஏப்ரலில் பிரித்தார்கள். நன்றாகக் கூடிவிட்டது என்று அவரே மகிழ்ச்சியாகச் சொன்னார். "அப்பாடா, இனி கவலையில்ல" என்றாள் அவள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் யாரும் பம்பு வைக்கவில்லை. பனி உருகிய தண்ணீரும் மழையும் மூடியின் நடுவில் குட்டைபோலத் தேங்கி, போன வருடத்து இலைகள் அதில் ஊறிக் கறுத்தன. ஏப்ரல் முடிவில் எங்கிருந்தோ தேரைகள் வந்தன. சாயங்காலமானால் ஒரே குரலில் நீளமாக இழுத்துக் கத்தின. ஒரு காலை பார்த்தபோது, இலைகளுக்கு நடுவே மிளகு கோத்த கண்ணாடி இழைகள் போல முட்டைச் சரங்கள் கிடந்தன.

மே மாத நடுவில் தெருவில் எல்லோரும் குளம் திறந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை டெனீஸ் கையுறை மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், நீங்க ஒரு பக்கம். இன்னிக்கு முடிச்சிரலாம். கொசு வந்தா தெருவே உங்களத்தான் திட்டும்."

அவர் கைத்தடியால் தண்ணீரைக் காட்டினார். ஓரமெல்லாம் தலைப்பிரட்டைகள், கறுப்பாக, ஓயாமல் நெளிந்துகொண்டு.

"கொஞ்ச நாள் போகட்டும் டெனீஸ். இதுங்களுக்குக் கால் மொளைக்கட்டும்."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் பின்பையில் செருகிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. நாற்காலியைக் குளத்தோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மார்லாவைக் கூப்பிட்டு இதைச் சொல்லலாம் என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? பக்கத்து வீட்டுக் குளத்தில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவருடைய நிழல் மூடியின் மேல் விழுந்ததும் தலைப்பிரட்டைகள் மொத்தமாகச் சிதறி இலைகளுக்கடியில் ஒளிந்தன. அவர் அசையாமல் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று, இன்னொன்று என்று வெளியே வந்து, நிழல் விழுந்த அந்த இடத்திலேயே கூடி, அவை மறுபடி மேயத் தொடங்கின.