கழுவாத முட்டை

கோழிக்கும் திருஞானசம்பந்தத்துக்கும் ஏழாம் பொருத்தம். பிள்ளையார்பாளையத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிற வீடு அவருடையது. தறி இருக்கிற இடத்தில் கோழி எதற்கு, ஒரு சொட்டு எச்சம் பட்டில் விழுந்தால் சேலையே போச்சு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மனைவி கமலவேணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே மகள் கீர்த்தி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன மறுமாதம், ஓரிக்கையில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நாட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொல்லையில் விட்டாள். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

கோழி அடைக்கு உட்கார்ந்தது. கமலவேணி ஒரு கூடையில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, ஓரிக்கையிலிருந்து வாங்கிவந்த பதினோரு முட்டைகளை அடுக்கினாள். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடுமாம். அதற்காக ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, இரண்டு காய்ந்த மிளகாய். பிறகு வரப்போகும் குஞ்சுகளுக்கு இரை தயார் பண்ண ஆரம்பித்தாள். பழைய பானை ஒன்றில் நனைத்த கோணியும் காய்ந்த சாணியும் திணித்து மண்ணில் கவிழ்த்து வைத்தால் சில நாளில் கரையான் ஏறிவிடும். காலையில் பானையை நிமிர்த்தினால் குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்னும். ஓரிக்கையில் அப்படித்தான் வளர்ப்பார்கள்.

பானையை அவள் கவிழ்த்தது, தறி இருக்கும் அறையின் பின்சுவர் ஓரம். சம்பந்தம் அதைப் பார்த்தபோது கரையான் ஏறியிருந்தது.

நெசவுக்காரன் வீட்டில் கரையான்! அவர் அப்பா காலத்தில் தறிக்கால் ஒன்றைக் கரையான் தின்று, பாவு நூலோடு தறி சாய்ந்த வீடு அது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பானையை எட்டி உதைத்தார். கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். அது வரைக்கும் கமலவேணி வாய் திறக்கவில்லை. கரையான் பயம் அவளுக்கும் தெரியும். ஆனால் இவர் வாய் சும்மா இருந்தால்தானே?

"என் ஊட்ல இருக்கணும்னா என் பேச்சைக் கேட்டுக்கினு இரு" என்றார்.

அவள் அப்போதுதான் தறியை விட்டு எழுந்து வந்திருந்தாள். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக, இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. பதினெட்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊடைநூல் சுற்றிய நாடாவை வலது கரைக்கு ஓட்டியவள் கமலவேணி. அவர் நெய்தார் என்று கடையில் பெயர் வாங்கிய ஒவ்வொரு சேலையிலும் அவள் கை இருந்தது.

"தறியில பாதி என்னுது. ஊடு மட்டும் உங்களுதா?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு ஓரிக்கை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அரை மணி நேரத் தூரம்தான். போய்க் கூப்பிட்டு வந்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு வீம்பு. இரண்டு நாளில் தானே வருவாள் என்று இருந்தார். நான்காவது நாள் சோறு இறங்கவில்லை. பாதியில் நின்ற கோர்வையைப் பழைய வேட்டியால் மூடிவிட்டு, அடுத்த தெரு ராஜவேலு வீட்டுத் தறிக்குக் கூலிக்கு நெய்யப் போனார். வேறு ஆளை உட்கார வைத்து அந்தச் சேலையை முடித்துக் கொடு என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அவள் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. நூல் சிக்கல் என்று பொய் சொல்லி நாளைக் கடத்தினார்.

வீட்டில் மிச்சம் இருந்தது கோழி ஒன்றுதான். அவள் விட்டுவிட்டுப் போன கோழி. குஞ்சு பொரித்தால் பார்க்கவாவது வருவாள் என்று எப்படியோ அவர் மனசில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கோழிக்கு ராஜ உபசாரம்தான். கூடைக்குப் பக்கத்தில் கம்பும் தண்ணீரும் வைத்தார். ராத்திரியில் பூனை வராமல் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்.

அங்கேதான் வந்தது வினை. கோழி தினமும் ஒரு தடவை இறங்கிப் போய் மண்ணில் புரண்டுவிட்டு வரும். கமலவேணி போன எட்டாவது நாள் அது இறங்கிய நேரம் முட்டைகளைப் பார்த்தார். எச்சமும் மண்ணும் அப்பிக் கிடந்தன. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்கூட நூலைத் தொடாத மனுஷன். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? பட்டுச் சேலை அலசுகிற மாதிரி, பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை பொங்கத் தேய்த்து, அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு முட்டையாகக் கழுவினார். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தார். பத்து முட்டை பளபளவென்று ஆயிற்று. பதினோராவதை எடுக்கப் போகும்போது கோழி வந்து புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. ரத்தமே வந்துவிட்டது. சரிதான் போ என்று அதை அப்படியே விட்டுவிட்டார். வேணி வந்து பார்த்தால் அசந்து போவாள் என்று அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை.

மறுநாள் கீரை விற்க வந்த மரியம்மாளிடம் அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் எப்போதும் பத்துக் கோழி மேயும். கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். முட்டை ஓட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தோல் உண்டு, அதுதான் உள்ளே அழுக்குப் போகாமல் காக்கும், கழுவினால் அது போய்விடும், உள்ளே இருப்பது அழுகிவிடும் என்றாள். இனி ஒன்றும் பண்ண முடியாதா என்று கேட்டார். அடை வைத்ததிலிருந்து இருபத்தோரு நாள் வரைக்கும் கோழியைத் தொந்தரவு பண்ணாமல் இருங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீதி நாட்களை அவர் எப்படித் தள்ளினார் என்று கேட்காதீர்கள். ராஜவேலு வீட்டுத் தறியில் இழை அறுந்தால்கூடத் தெரியாமல் நெய்தார். அவள் ஒரு உயிரை ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரியும், தான் அதைக் கையாலேயே அழித்துவிட்ட மாதிரியும் இருந்தது.

அடை வைத்த இருபத்தோராம் நாள் காலை கோழியின் இறக்கைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். சாயங்காலம் வரை காத்திருந்தார். அந்தக் கழுவாத முட்டை மட்டும்தான் பொரித்திருந்தது.

வீம்பெல்லாம் எங்கே போனதோ, போனை எடுத்துவிட்டார். அவளும் எடுத்தாள்.

"குஞ்சு பொரிச்சிடுச்சு" என்றார்.

"எத்தினி?"

"ஒண்ணு. மீதிய நான்தான் கெடுத்துட்டேன். பூந்திக்கொட்டைத் தண்ணில கழுவிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றது. முதல் நாள் எதுவும் வைக்காதீங்க, வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அது போதும் என்றாள். மறுநாள் நொய் அரிசியும், மஞ்சள் கலந்து ஆறவைத்த தண்ணீரும் வைக்கச் சொன்னாள். தண்ணீர்த் தட்டில் குஞ்சு விழுந்துவிடாமல் கூழாங்கல் போடச் சொன்னாள். நாலைந்து நாள் கழித்துக் கரையான் கொடுத்தால் நல்லது என்றவள், "உங்க ஊட்லதான் கரையான் ஆவாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாளே சம்பந்தம் பானை வாங்கினார். தறி அறைக்குத் தூரமாக, கொல்லைக் கடைசியில், அவரே சாணி பொறுக்கி வந்து திணித்துக் கவிழ்த்தார். நெசவுக்காரன் கரையான் வளர்க்கிறான் என்று தெரு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். தினமும் காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட, அவள் போனை எடுத்தாள், குஞ்சு என்ன தின்றது என்று கேட்டாள், அவர் சொன்னார். கம்பை உடைத்து வைத்தது, கீரைத்தண்டை நறுக்கிப் போட்டது, முதல் கரையானை அது எடுத்துக்கொண்டு ஓடியது, இறக்கையில் புள்ளி விழுந்தது. பத்து நிமிஷம். குஞ்சைத் தவிர வேறு பேச்சில்லை. திரும்பி வா என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும். அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் இந்தப் பத்து நிமிஷமும் போய்விடுமே என்று விழுங்கிவிடுவார்.

குஞ்சுக்கு ஒன்றரை மாதம் ஆனதும் ஒரு நாள் அவள் கேட்டாள். தாய்க்கோழி குஞ்சைக் கொத்தி விரட்டிவிட்டதா? அப்படி விரட்டிவிட்டால் குஞ்சு தேறிவிட்டது, இனி அதுவே மேய்ந்துகொள்ளும், நம் கவனிப்புத் தேவையில்லை என்றாள். சம்பந்தத்துக்குப் பகீர் என்றது. முந்தின நாள்தான் கோழி அதை மூன்று தடவை விரட்டியிருந்தது.

"இல்ல. இன்னும் கூடவேதான் சுத்திக்கினு இருக்குது" என்றார்.

அந்தப் பொய்யைத் தினமும் சொன்னார். குஞ்சுக்குக் கொண்டை சிவந்து, சேவலாகிக் கரகரவென்று கூவப் பழகியது. அவர் அதைத் துரத்திவிட்டு எட்டப் போய் நின்று போன் பேசினார். ஒரு நாள் அது துரத்தத் துரத்த வந்து காலடியிலேயே நின்று கூவிவிட்டது.

"இன்னும் தாய்கூடத்தான் இருக்குதா?" என்று கேட்டாள் கமலவேணி.

"ஆமா. விடவே மாட்டேங்குது."

"நான் கோழி ஊட்ல பொறந்தவ. கூவற புள்ளைய இறக்கைக்குள்ள வெச்சிருக்கிற கோழிய எங்கியும் பார்த்ததில்ல. கொத்தி விரட்டி எத்தினி நாளாச்சு?"

"இருபத்திரெண்டு" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போன் எடுக்க மாட்ட வேணி. இது உன் ஊடு. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

ஓரிக்கையில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடிப்பது போனில் கேட்டது. பிறகு அந்தக் கோர்வை என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

"அப்படியே இருக்குது. உன் நாடாவ நான் தொடல."

"மூணு மாசமா மூடி வெச்சா நூல் என்னாத்துக்கு ஆவும்?" என்று கடிந்துகொண்டாள். பிறகு குரலை இறக்கி, "துணிய எடுத்துட்டுத் தூசி தட்டி வையுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சம்பந்தம் உள்ளே போய் வேட்டியை உருவினார். முதலில் அவள் உட்காரும் பக்கத்தைத் தட்டினார்.