கேட்பதற்குத் தோஷமில்லை

எங்கள் கிளை நூலகத்துக்கு வருகிறவர்கள் வாசலில் இருக்கும் மேசையைப் பார்த்தே அது எந்த மாதம் என்று சொல்லிவிடுவார்கள். பொங்கல் என்றால் இரண்டு பக்கமும் கரும்பு கட்டி, நடுவில் பயிர், மாடு, மண் பற்றிய புத்தகங்கள். மாசி மகத்துக்குக் கடல், மீன், படகு. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குப் பக்குவம் சொல்லும் சமையல் புத்தகங்கள். டிசம்பரில் புத்தகங்களையே சுவராகவும் கூரையாகவும் அடுக்கி ஒரு கிறிஸ்துமஸ் குடில். பண்டிகை வந்தால் ஜனங்களுக்குப் படிக்கவும் ஆசை வரும் என்பது என் கணக்கு. அது தப்பவும் இல்லை, மேசையில் வைத்த சூட்டோடு புத்தகங்கள் வீட்டுக்குப் போய்விடும். குடிலில் மட்டும் ஜனவரி ஆறில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை யாரையும் கை வைக்க விடமாட்டேன். அது வேறு விஷயம்.

என் பெயர் அமலோற்பவமேரி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், ஜன்னலைத் திறந்தால் பெருமுக்கல் மலை தெரிகிற ஊரில் நூலகர். கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். புத்தகத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் வராதா பின்னே?

போன நவராத்திரிக்கு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பொம்மைக்குப் பதிலாகப் புத்தகத்தை வைத்துக் கொலு. எங்கள் வீட்டில் கொலு ஏது, எல்லாம் டிவியில் பார்த்த அறிவுதான். பெஞ்சுகளைப் படியாக அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்து, நல்ல புத்தகங்களாகப் பொறுக்கி நிறுத்தினேன். ஒன்பது நாளும் ஜனங்கள் வந்து வந்து எடுத்துப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மணிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து ஒவ்வொரு அட்டைக்கும் பொட்டு வைத்தாள். சரஸ்வதி படம் மேல்படிக்கு ஏறியது. சூடமும் காட்டினாள். அரசாங்கப் புத்தகத்துக்குக் குங்குமமா என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன். கோட்டை விட்டது அங்கேதான்.

ஊரே வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. புத்தகங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, அம்மணி கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றது, வெறுங்கையோடு போய்விட்டது. ஒரு புத்தகம் நகரவில்லை. போதாததற்கு, வீட்டிலிருந்த புத்தகங்களையும் கொண்டுவந்து படியில் வைத்துக் கும்பிட்டார்கள்.

"இன்னா அம்மணி இது, ஒருத்தரும் எடுக்க மாட்டேன்றாங்க?"

"எப்படி எடுப்பாங்க மேரிம்மா? கொலு வச்சா ஒம்போது நாளைக்குக் கலைக்கக் கூடாது. பூஜையில வச்ச புக்க விஜயதசமி வரைக்கும் பிரிக்கக் கூடாது."

வீடுகளில் புத்தகத்தைப் பூஜையில் வைப்பது கடைசியில் ஒரே ஒரு நாள். யாருக்கும் நஷ்டமில்லை. நானோ கொலுவையும் பூஜையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஒன்பது நாளைக்கு நூலகத்தையே பூட்டிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் ராஜசேகர். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை போடுகிறவன். கூட்டுறவு வங்கி உதவியாளர் தேர்வை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. இந்த முறையும் தவறினால் குவைத்துக்கு விமானம் ஏற வேண்டும், மச்சான் விசாவோடு காத்திருந்தார். தேர்வு விஜயதசமிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தை, சரஸ்வதி ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று முதல் நாளே கொண்டுவந்து கொலுவில் வைத்தவனும் அவனேதான். கடையில் தேடினால் அது தீர்ந்துபோயிருந்தது.

"எடுத்துக்கினு போய்ப் படிடா," என்றேன்.

"வேணாம் மேடம். பூஜையில வச்சத எடுத்தா ஃபெயில் ஆயிடுவேன்."

"படிக்காம இருந்தா பாஸ் ஆயிடுவியா?"

கொலுவைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். அதையும்தான் எடுக்கக் கூடாதே.

மறுநாள் அவன் மனைவி தமிழ்ச்செல்வி வந்தாள். ஆறு மாதம் தாண்டிய வயிறு. சுண்டலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அவரு குவைத்துக்குப் போய்ட்டா புள்ள மூஞ்சிய போன்லதான் பாப்பாரு மேடம். எப்படியாவது படிக்க வைங்க."

அவள் போன பிறகு எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டியவள், படிக்கிற ஒருவனையும் தடுத்து வைத்திருக்கிறேன். ராஜசேகரை வரச்சொன்னேன். அம்மணியையும் கூப்பிட்டேன்.

"அம்மணி, நான் வேதக்காரி. நான் பிரிச்சாலும் தோஷமா?"

அம்மணி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நன்றாக யோசித்தாள். "நீங்க வேற சாமி. உங்களுக்கு இல்ல. ஆனா படிய விட்டு எடுக்கக் கூடாது."

"நான் படிச்சி இவன் கேட்டா?"

"கேக்குறதுக்கு இன்னா தோஷம்? கோயில்ல கத கேக்குறதில்லயா?"

அவ்வளவுதான். கொலுவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். புத்தகம் இருந்தது மேல்படிக்கு அடுத்த படியில். அங்கேயே வைத்துப் பக்கத்தைப் புரட்டி, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தேன். ராஜசேகர் கீழே சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தனிவட்டி, கூட்டுவட்டி, கூட்டுறவுச் சட்டம், தமிழ்நாட்டு ஆறுகள். மண்டியிலிருந்து வந்த களைப்பில் அவன் தலை சாய்ந்தால், "எந்திரிடா, குவைத் ஃபிளைட்டு வந்துடுச்சி," என்பேன். தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்துகொள்வான்.

சுண்டலுக்கு வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஆளாளுக்குத் தப்பான பதிலைச் சொல்வார்கள். சரியான பதிலை ராஜசேகர் கண்ணைத் திறக்காமலே சொல்வான். நாள் ஆக ஆகக் கூட்டம் கூடியது. நூலகத்தில் பேசக் கூடாது என்று நான் எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழேயே இத்தனை கூத்தும் நடந்தது. விஜயதசமி அன்று கொலுவைப் பிரித்தபோது ஜனங்கள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வழிகாட்டி ராஜசேகரோடு போனது. என் கழுத்து மட்டும் தைலத்தோடு என்னிடம் இருந்தது.

தேர்வு எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவன்தான், அப்புறம் ஆளையே காணோம். தீபாவளி மேசை வந்து போனது. குவைத்துக்கே போய்விட்டானோ என்று நினைத்தேன். போன் போட்டுக் கேட்கவும் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்து நின்றான்.

"மேடம், கொழந்தைங்க பேர் புக்கு வேணும். பொண்ணு பொறந்துக்குது."

நான் குடிலைக் காட்டினேன். அந்தப் புத்தகம் அளவாக இருந்ததால் அதன்மேல்தான் வைக்கோல் பரப்பிக் குழந்தை இயேசுவைப் படுக்க வைத்திருந்தேன்.

"மூணு ராஜாக்கள் வர்ற வரைக்கும் அதுல கை வைக்கக் கூடாது. அப்புறம் வா."

"அதுக்குள்ள வேலையில சேரணும் மேடம். கோலியனூர் பக்கம் கூட்டுறவு வங்கியில போட்டுக்கிறாங்க. ஆர்டர் கைக்கு வராம உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணாடியைத் துடைத்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா குடில் குடில்தான்," என்றேன்.

ராஜசேகர் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குடில் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு விரலால் வைக்கோலை விலக்கினான்.

"இது உங்க சாமி மேடம். எனக்குத் தோஷம் இல்ல. நான் பிரிச்சிப் படிக்கிறேன், நீங்க கேட்டுக்கினு இருங்க."

மூலையில் அம்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனோ நிஜமாகவே குனிந்து, குழந்தை இயேசுவின் காலுக்குக் கீழே அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டி, அ-வில் தொடங்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தான். ஆ வருவதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எழுந்துபோய்க் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டேன். பெயர்ப் புத்தகத்தை எடுத்துத் தேதி முத்திரை போட்டு அவனிடம் கொடுத்தேன். குழந்தையை எங்கே படுக்க வைப்பது? அவனுடைய வழிகாட்டிதான் அளவாக இருந்தது.

அதற்குப் பிறகு யாரைத் தடுக்க முடியும்? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மூன்று ராஜாக்கள் வந்து சேர்ந்தபோது குடிலுக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. குங்குமப் பொட்டு வைத்த கூட்டுறவு வழிகாட்டியின்மேல் குழந்தை மட்டும் நிம்மதியாகப் படுத்திருந்தது.