முப்பதுக்கு அடுத்த பைட்

“அம்மா, அவருக்கு இன்னிக்கு நேரம் இருக்கான்னு கேளு.”

இதைச் சொன்னபோது வாலு அவனிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில், சமையல் மேடையின் மறுமுனையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெண்ணெய்க் கத்தியைத் தேடி எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். இருந்தும் அவளுடைய கேள்வி அடுப்பருகே நின்ற தாயைச் சுற்றிக்கொண்டுதான் அவனிடம் வந்தாக வேண்டும்.

“நான் என்ன தபால்காரியா?” என்றாள் அவன் மனைவி. “வாய் அங்க இருக்கு, காது இங்க இருக்கு. நடுவுல நான் எதுக்கு?”

“நேரம் இருக்கு,” என்றான் அவன், கொதிக்கும் கெட்டிலைப் பார்த்து.

“இருக்காம்,” என்று மகளிடம் திருப்பிச் சொன்னாள் மனைவி, வேண்டுமென்றே.

திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மனைவியின் முதல் மணத்தில் பிறந்த இந்தப் பதின்மூன்று வயதுப் பெண் இதுவரை அவனை எந்தப் பெயரோ முறையோ சொல்லி அழைத்ததில்லை. ஒருவரை எதுவும் சொல்லி அழைக்காமலேயே ஒரே வீட்டில் அத்தனை காலம் பேசி வாழ்வது எளிதன்று. அதற்குத் தனித் திறமை வேண்டும். அவள் முதலில் அவன் கண்ணில் படும் இடத்துக்கு வருவாள், பிறகே வாக்கியத்தைத் தொடங்குவாள். அவன் வேறு அறையில் இருந்தால் நாற்காலியை இழுத்துச் சத்தம் உண்டாக்குவாள். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. ‘வாங்க’, ‘போங்க’வின் விகுதிகள் எல்லாம் அந்தந்த இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அழைக்கும் சொல்லுக்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். அவன் பங்குக்கு அவனும் ‘வாலு’ என்று கூப்பிட்டதில்லை. அது தாய் வைத்த பெயர், தாய்க்கு உரிய பெயர் என்று ஒதுங்கி, எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு ‘ம்மா’வோடு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது அதற்கும் முடிவு வரும்போல் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அப்பா, அடுத்த கல்வியாண்டிலிருந்து தன்னோடு வந்து இருக்கும்படி அவளைக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தாதவர். நல்ல பள்ளி ஒன்று அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடும்போது பதில் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

“உன் இஷ்டம்னு அவகிட்ட சொல்லிட்டேன்,” என்று முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே மனைவி அவனிடம் சொன்னாள். “பெத்தவ நான் இருன்னு சொன்னா அது கட்டளை மாதிரி ஆயிடும். நீங்க ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?”

“நான் எந்த முறையில சொல்றது?”

“முறை பாத்தா என்னைக் கட்டிக்கிட்டீங்க?”

அவன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி நகைச்சுவைக்குள் கரைந்துவிடவில்லை. அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவன் விரும்பினான். எவ்வளவு விரும்பினான் என்பது, அவள் போய்விடக்கூடும் என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டிவைக்கும் சூத்திரச் சீட்டுகள், பேருந்துக்கு ஓடும்போது படியில் தடதடக்கும் அவளுடைய காலணி, பாதி குடித்து மறந்துபோன தம்ளர்கள், இவையெல்லாம் இல்லாத ஒரு வீட்டை அவன் நினைத்துப் பார்த்தான். அது துப்புரவாக இருந்தது, அவ்வளவுதான். எனினும், அழைக்கப்படாதவன் எந்த இடத்திலிருந்து பேசுவது? பேசினால் அது யாருடைய குரலாக அவள் காதில் விழும்? விடை தெரியாதபோது வாய் திறக்காமல் இருப்பதே நேர்மை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அவனுடைய தொழிலிலும் அதுதான் அவன் கொள்கை. கணினிகளுக்கிடையே ஓடும் செய்திகளைப் பிடித்து, பிரித்து, மனிதர் படிக்கும்படி வரிசையாகக் காட்டும் மென்பொருள் ஒன்றை அவன் பணிபுரியும் சிறு நிறுவனம் தயாரிக்கிறது. செய்திகள் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும் ஹெடர் எனப்படும் தலைப்பகுதி இருக்கும். கடந்த சில மாதங்களாக அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது லூப்பேக் என்ற பகுதி. ஒரே கணினிக்குள் இருக்கும் இரண்டு புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சு எந்தக் கம்பிக்கும் வருவதில்லை. வாசல்வரை போகாமலே உள்ளுக்குள் திரும்பிவிடுகிறது. வெளியூர் போகாத கடிதத்துக்கு நீண்ட விலாசம் எதற்கு? ஆகவே அதன் தலைப்பகுதி நான்கே பைட்டுகள், அதாவது நான்கு எழுத்தளவு. அதில் இருப்பதும் ஒரே ஓர் எண்: உள்ளே இருப்பது பழைய வகை முகவரியா, புதிய வகை முகவரியா என்பதைச் சொல்லும் எண். பழைய வகைக்கு எல்லாக் கணினிகளும் இரண்டு என்றே போடுகின்றன. புதிய வகைக்குத்தான் ஒவ்வொரு கணினிக் குடும்பமும் தனக்கென ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறது. அவனுடைய அலுவலகக் கணினிகளின் எண் இருபத்தெட்டு. அவன் இரண்டையும் இருபத்தெட்டையும் எழுதினான். வேறு எந்த எண் வந்தாலும் ‘அறியாத வகை’ என்று சிவப்பில் காட்டிவிட்டு, மேற்கொண்டு ஒரு பைட்டும் படிக்காமல் நின்றுவிடும்படி செய்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே ஒரு கருவியின் ஒழுக்கம் என்று அலுவலகக் கூட்டத்தில் பேசவும் செய்தான். பிடித்த செய்திகளும் அவனுடைய கணினியுடையவை, படித்த கருவியும் அவனுடையது. எல்லாச் சோதனைகளும் பச்சை விளக்கு காட்டின. தன் கையெழுத்தைத் தானே பிழையின்றி வாசித்துவிட்ட மகிழ்ச்சி அது.

காலை உணவுக்குப் பிறகு வாலு தன் லேப்டாப்பை அவனுடைய அறைக்குக் கொண்டுவந்தாள். அப்பா வாங்கிக் கொடுத்தது. மூடியில் கீறல் விழாமல் இருக்க உறை போட்டிருந்தாள்.

“ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு,” என்று அவன் கண்ணில் படும் இடத்தில் நின்று தொடங்கினாள். “லிப்ட் புரோகிராம். நம்ம பில்டிங் லிப்ட் இருக்கில்ல, ஆறாவது மாடியில ஆள் நின்னா கீழ போயி தூங்கிட்டு வருமே, அது மாதிரி இல்லாம ஒழுங்கா வர்ற லிப்ட். ஒரு புரோகிராம் லிப்ட். இன்னொண்ணு ஜனங்க. ஜனங்க பட்டன அமுக்கினா லிப்டுக்குத் தகவல் போகணும். போகல. ஆளே இல்லன்னு பதில் வருது. ஆனா லிப்ட் ஓடிட்டுதான் இருக்கு, பாருங்க.”

திரையில் பெட்டி போன்ற ஒரு லிப்ட், தரைத்தளத்தில் கண் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. மேல்மாடிகளில் குச்சி மனிதர்கள் பொத்தானை அழுத்தி அழுத்திச் சிவந்துபோயிருந்தார்கள். ஒரு மனிதரின் தலைக்கு மேல் ‘படியில போறேன் போ’ என்று எழுதியிருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, நோயாளியை ஒப்படைத்தவளின் முகம் அவளுக்கு.

இரண்டு புரோகிராம்களும் ஒரே லேப்டாப்புக்குள். அப்படியானால் அது லூப்பேக். தொழில் தெரிந்த எவனும் முதலில் அவள் எழுதிய வரிகளைத்தான் வாங்கிப் படித்திருப்பான். அவனுக்கோ தன் கருவியைக் காட்டும் ஆசை முந்திக்கொண்டது. “இதுக்குன்னே ஒரு டூல் பண்ணிட்டு இருக்கேன்ம்மா,” என்றான். “ரெண்டும் என்ன பேசிக்குதுன்னு அப்படியே வரி வரியா காட்டும்.” அவளுடைய லேப்டாப்பில் ஓடிய பேச்சைப் பிடித்துக் கோப்பாக்கி, தன் பெரிய மானிட்டரில் திறந்தான்.

மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அறியாத வகை: 30. அறியாத வகை: 30. அறியாத வகை: 30.

வாலு கழுத்தை நீட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள்.

“ரொம்ப நல்லா காட்டுதே,” என்றாள் வாலு. பிறகு, அடக்கப் பார்த்தும் முடியாமல், மூக்கின் வழியாக ஒரு சிரிப்பு வெடித்தது. அறைக்கு வெளியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். என்ன சத்தம் என்று கேட்க வந்தவள் கேட்காமலே போனாள்.

அவனுக்குக் காது சூடாகியது. “உன் லேப்டாப் வேற குடும்பம். அதோட நம்பர் முப்பது போல. என்கிட்ட இருக்கறது இருபத்தெட்டுதான்.”

“நம்பர் தெரியலன்னா?”

“தெரியலன்னு சொல்லிடும்.”

“சொல்லிட்டு?”

“நின்னுடும்.”

“உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே பாக்காதா?”

“நெத்தியில இருக்கற நாலு பைட்டுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம உள்ள படிச்சா அது யூகம்ம்மா. யூகத்த உண்மை மாதிரி காட்டக் கூடாது.”

அவள் ஒப்புக்கொண்டது போல் தலையசைத்தாள்; ஆனால் கண்கள் திரையின் அடிப்பாகத்தில், பிரிக்கப்படாத எண்கள் அப்படியே கொட்டிக் கிடக்கும் இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அம்பு விசையை அழுத்தி அடுத்த வரிக்கும், அதற்கடுத்த வரிக்கும் போனாள். நாற்காலி ஒன்றே இருந்ததால் மேசை விளிம்பில் பாதி உட்கார்ந்தாள்.

“அந்த நாலு முடிஞ்ச உடனே வர்றது எல்லா வரியிலயும் ஆறுலதான் ஆரம்பிக்குது. அது என்ன?”

அவன் பார்த்தான். அது அவனுக்குத் தெரியும். பல ஆண்டுகளாகத் தெரியும். முகவரி எந்த வகையானாலும், தலைப்பகுதிக்கு அடுத்த பைட்டின் முதல் இலக்கமே தன் வகையைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. பழையது நான்கு, புதியது ஆறு. நெற்றியில் யார் என்ன எண்ணை எழுதியிருந்தாலும், எழுதாமலே விட்டிருந்தாலும், உள்ளே இருப்பது தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. அவன்தான் நான்காம் பைட்டிலேயே நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த எண் வரட்டும் என்று காத்திருந்தான்.

“ஆறுன்னா புதிய வகை,” என்றான் மெதுவாக. “அப்ப இது யூகமில்ல. அதுவே சொல்லுது.”

“அப்ப படிங்களேன்.”

எண் தெரியாவிட்டால் அடுத்த பைட்டைப் பார். ஆறு என்றால் புதியதாகப் படி, நான்கு என்றால் பழையதாகப் படி, இரண்டும் இல்லையென்றால் அப்போது சொல் தெரியாதென்று. சேர்க்க வேண்டியிருந்தது சில வரிகளே. அவன் தட்டச்சு செய்ய, அவள் தோளுக்குப் பின்னால் நின்று, விடுபட்ட ஓர் அடைப்புக்குறியைக் காட்டிக் கொடுத்தாள். திரும்ப ஓட்டியபோது சிவப்பு முழுவதும் கலைந்து, கறுப்பில் வரிகள் விரிந்தன. குச்சி மனிதர்கள் புதிய வகை முகவரியில் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். ஆளில்லை என்று உடனே பதில் வருகிறது. மறுபடி தட்டுகிறார்கள். மறுபடி ஆளில்லை.

“லிப்ட் எந்த முகவரியில காத்திருக்கு? உன் புரோகிராம்ல என்ன எழுதியிருக்க?”

அவள் தன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள். லிப்ட் புரோகிராமில் அவள் பழைய வகை முகவரியை எண்ணாகவே எழுதியிருந்தாள். ஜனங்கள் புரோகிராமில் எண்ணுக்குப் பதிலாகக் கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பொதுப்பெயர். அந்தப் பெயருக்கு அவளுடைய லேப்டாப் முதலில் தருவது புதிய முகவரி. ஒரே வீட்டின் முன்வாசலில் ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் பின்வாசலில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

“மூணு நாளா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலயே இருந்திருக்கு,” என்றாள் வாலு. “லூசுங்க.”

அவள் குனிந்து திருத்தத் தொடங்கினாள். தலைமுடி முகத்தை மறைத்திருந்தது. பேசுவதற்கு இதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. இதைவிட நல்ல நேரம் வரப்போவதும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

“அப்பா இன்னிக்குக் கூப்பிடுவாரில்ல.”

விசைப்பலகையின் சத்தம் நின்றது. அவள் நிமிரவில்லை.

“உனக்கு அங்க போறதுதான் சரின்னு பட்டா போய்ட்டு வா. அவர் நல்லவர். அதுல ஒண்ணுமில்ல.” வாக்கியங்கள் ஒவ்வொன்றும் படிக்கட்டு போல் காலுக்கு அகப்பட்டன. “ஆனா நீ இங்க இருந்தா எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இத உங்கம்மா சொல்லச் சொல்லல. சொல்லச் சொன்னா, ஆனா அதுக்காகச் சொல்லல.”

“குழப்பறீங்க,” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே.

“ஆமா.”

விசைகள் மறுபடி ஒலித்தன. அவள் கடைசி விசையைத் தட்டினாள். தரைத்தளத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டி ஒரு கணம் தயங்கி, பிறகு எழுந்தது. இரண்டாம் மாடியில் நின்று ஒருவரை ஏற்றியது. நான்காம் மாடியில் இருவரை. ஆறாம் மாடியில் ‘படியில போறேன் போ’ என்றிருந்தவர் எழுத்தை உதிர்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். அவள் கைதட்டவில்லை. கைவிரல்களை மட்டும் மடக்கி மேசையில் மெல்ல ஒரு குத்து விட்டாள்.

“அந்த முப்பதையும் உங்க லிஸ்ட்ல போட்டுடுங்க,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் உள்ள எட்டிப் பாத்துட்டா இருக்க முடியும்?”

“போட்டுடறேன்.”

“நான் இன்னும் ஜனங்கள சேக்கணும். நூறு பேர். ஒரே நேரத்துல அமுக்கினா என்ன பேசிக்குதுன்னு பாக்கணும். என் ஸ்க்ரீன்ல தெரியாது, சின்னது.” அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், ஜன்னலடிச் சுவர் காலியாக இருந்தது. “என் மேசைய இங்க போட்டுக்கலாமா? எக்ஸிபிஷன் வரைக்கும்.”

எக்ஸிபிஷன் எப்போது என்று அவன் கேட்கவில்லை.

மேசை கனமானது, அறைவாசலோ குறுகலானது. அவன் முன்பக்கத்தையும் அவள் பின்பக்கத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதி உள்ளே நுழைந்ததும் மேசைக்கால் ஒன்று கதவுநிலையில் சிக்கிக்கொண்டது.

“சாய்ங்க. அந்தப் பக்கமில்ல, என் பக்கம்.”

“உன் பக்கம்னா எனக்கு இடதா வலதா?”

“எனக்கு வலது!”

“ரெண்டு பேரும் சேர்ந்து கதவ ஒடச்சிடாதீங்க,” என்று மனைவியின் குரல் கூடத்திலிருந்து வந்தது. தொடர்ந்து தொலைபேசி ஒலித்தது. அவள் எடுத்துப் பேசியது அரைகுறையாகக் கேட்டது. “வாலு, அப்பா.”

மேசைக்கு அப்பாலிருந்து அவளுடைய நெற்றியும் கண்களும் மட்டும் அவனுக்குத் தெரிந்தன. அந்தக் கண்கள் கூடத்தின் பக்கம் போய், திரும்பி, மேசையின் சிக்கிய காலில் வந்து நின்றன.

“கை ரெண்டும் மாட்டிட்டு இருக்கும்மா. நானே கூப்பிடறேன்னு சொல்லு,” என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் தூக்குங்க, இன்னும் கொஞ்சம்” என்றாள்.

அவன் தூக்கினான். இழுப்பறை சரிந்து திறந்துகொண்டது; அதிலிருந்து ஒரு பச்சைப் பென்சில் விழுந்து, வாசல் கட்டையின் மேல் தட்டி, தரையில் உருளத் தொடங்கியது. கையை எடுக்க வழியில்லாமல், மேசையின் இரு முனைகளையும் பிடித்தபடியே, அது எந்த அறையில் போய் நிற்கும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.